முதல்லயே டிக் போட்டு வச்சது யாரு?

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதி போன் பத்தி, பாதி ஆபீஸ் பத்தி. பிரிச்சு வைக்கலாம்னு தான் உக்காந்தேன், ஆனா படிக்க படிக்க ரெண்டும் ஒரே கேள்வியா தெரிஞ்சுது, "என்னை ஒரு வார்த்தை கேக்காம இதை யாரு முடிவு பண்ணுனது?" அதனால கலந்தே பதில் எழுதிட்டேன்.

கேள்வி: அக்கா, ப்ரெண்ட் கூட பேசிக்கிட்டு இருக்கும்போது புது ஷூ வாங்கணும்னு வாயால தான் சொன்னேன், எதையும் தேடல, டைப் பண்ணல. சாயங்காலம் போனை எடுத்தா ஷூ விளம்பரமா வருது. நம்ம பேசுறதை போன் ஒட்டுக் கேக்குதா இல்லையா, உண்மையை சொல்லுங்க.

பதில்: இந்த கேள்வி வராத மாசமே இல்லை. நீங்க பேசுறதை எந்நேரமும் பிடிச்சு விளம்பரக்காரங்களுக்கு அனுப்புதுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிச்சது கிடையாது. 2018ல அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் 17 ஆயிரத்துக்கும் மேல ஆண்ட்ராய்டு ஆப்களை அலசிப் பார்த்தாங்க. திருட்டுத்தனமா மைக்கை ஆன் பண்ணி பேச்சை வெளிய அனுப்புன ஆப் ஒண்ணு கூட மாட்டல. ஆனா தேடாத ஒண்ணு மாட்டுச்சு, சில ஆப்கள் திரையில நாம எங்க தொடுறோம் என்ன டைப் பண்றோம்ங்கறதையே வீடியோவா எடுத்து சம்பந்தமில்லாத வேற கம்பெனிக்கு அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. காதை பத்தி நாம பயந்துக்கிட்டு இருக்கோம், அங்க கண்ணு தொறந்து இருந்திருக்கு.

அப்போ ஷூ எப்படி வந்துச்சுன்னா, நீங்க தேடல, உங்க ப்ரெண்ட் தன் வீட்டுக்கு போய் தேடியிருக்கலாம், அவங்க நம்பர் உங்க போன்ல இருக்கு, உங்க நம்பர் அவங்க போன்ல இருக்கு, ரெண்டு பேரோட கான்டாக்ட் லிஸ்ட்டும் ஏதோ ஒரு ஆப்புக்கு எப்பவோ ஏறிடுச்சு, ரெண்டு போனும் அன்னிக்கு மத்தியானம் ஒரே வைஃபைல ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. இதையெல்லாம் கோத்துப் பார்க்க உங்க குரலே தேவையில்லை. அதோட, விளம்பரம் தினமும் நூத்துக்கணக்குல கண்ணு முன்னாடி ஓடுது, பேசுனதோட பொருந்துன அந்த ஒண்ணு மட்டும் மனசுல ஒட்டிக்குது.

அதுக்காக மைக் பத்தின பயம் மொத்தமும் வீண்னு சொல்ல மாட்டேன். ஆப்பிள், கூகுள், அமேசான், மூணு பேரோட வாய்ஸ் அசிஸ்டன்ட்லயும் பதிவான பேச்சுல கொஞ்சத்தை ஆள் வச்சு கேக்க வைக்கிறாங்கன்னு 2019ல வெளிய வந்துச்சு. கூப்பிடாமலே முழிச்சுக்கிட்டு பதிவு பண்ணுனதும் அதுல இருந்துச்சு. அசிஸ்டன்ட் தேவைப்படாதவங்க அதை மொத்தமா ஆஃப் பண்ணிடுங்க.

பெரிய ஓட்டை வேற இடத்துல இருக்கு. உங்க போனுக்குன்னு ஒரு விளம்பர ஐடி இருக்கு, ஒவ்வொரு ஆப்பும் அதை வச்சு தான் "இவங்க அவங்களே"ன்னு அடையாளம் கண்டுபிடிக்குது. ஐபோன்ல 2021 ஏப்ரல் வரைக்கும் அது கேக்காமலே குடுக்கப்பட்டுச்சு. அந்த மாசம் வந்த ஐபோன் சாப்ட்வேர் அப்டேட் ஐஓஎஸ் 14.5ல ஆப்பிள் ஒரே ஒரு கேள்வி வச்சாங்க, "இந்த ஆப் உங்களை பின்தொடரலாமா?" அவ்ளோ தான். பேஸ்புக்கோட கம்பெனி மெட்டா அடுத்த பிப்ரவரியில முதலீட்டாளர்கள் கிட்ட சொன்ன கணக்கு, இதனால 2022ல மட்டும் சுமார் 1000 கோடி டாலர் வருமானம் போகும்னு. நம்ம கிட்ட கேட்டா நாம வேண்டாம்னு சொல்லுவோம்னு அவங்களுக்கு நல்லா தெரியும், அதனால தான் அவ்ளோ நாள் கேக்கல. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ், பிரைவசி, விளம்பரங்கள்னு போனா அந்த ஐடியை அழிக்கவே முடியும். இன்னிக்கே பண்ணுங்கம்மா.

கேள்வி: என் வீட்டுக்காரர் "நாம என்ன தப்பா பண்றோம், பார்த்தா பார்த்துட்டு போகட்டும், மறைக்க என்ன இருக்கு"ன்னு சொல்றார். எனக்கு மனசு ஒப்பல, ஆனா பதில் சொல்லவும் தெரியல.

பதில்: உங்க மனசு சொல்றது தான் சரி. தப்பு பண்றவங்க தான் மறைப்பாங்கன்னா நாம யாரும் பாத்ரூம் கதவை சாத்த வேண்டாமே.

2006ல ஏஓஎல்னு ஒரு பெரிய இன்டர்நெட் கம்பெனி, ஆராய்ச்சிக்கு உதவட்டும்னு சுமார் ஆறரை லட்சம் பேர் மூணு மாசம் தேடுன 2 கோடி தேடல்களை பொதுவுல போட்டாங்க. பேர் எல்லாம் எடுத்துட்டு நம்பர் தான் வச்சிருந்தாங்க. சில நாள்லயே பத்திரிகைக்காரங்க ஒரு நம்பரை பிடிச்சு, அது என்னென்ன தேடுச்சுன்னு வரிசையா படிச்சு, நேரா அந்த வயசான அம்மாவோட வீட்டு வாசல்ல போய் நின்னாங்க. அவங்க தேடுனதுல குத்தம் எதுவும் கிடையாது. உடம்பு பத்தின கவலை, நாய் பத்தின கவலை, இப்படி தான். யோசிச்சு பாருங்க, நாம தேடல் பெட்டியில போடுறது பாதி நம்ம பயங்களை தான். நடு ராத்திரியில நெஞ்சு படபடன்னு இருக்கும்போது தேடுனது, கூடப் பிறந்தவங்க கிட்ட கூட கேக்காதது. அதுல தப்பு எதுவும் இல்லை, ஆனா அது நம்மளுது.

இன்னொண்ணும் அவர் கிட்ட சொல்லுங்க, நாம குடுத்த விவரம் நம்மளோட மட்டும் நிக்காது. 23ஆண்ட்மீன்னு எச்சிலை அனுப்புனா வம்சாவளி சொல்ற கம்பெனி, அதுல 2023ல திருடங்க நேரா நுழைஞ்சது சுமார் 14 ஆயிரம் கணக்குல தான், அதுவும் வேற தளத்துல கசிஞ்ச பழைய பாஸ்வேர்டையே போட்டு. ஆனா அங்க சொந்தக்காரங்களை கண்டுபிடிக்கிற வசதி ஒண்ணு இருந்துச்சு, அது வழியா 69 லட்சம் பேர் விவரம் போச்சு. ஒருத்தர் பாஸ்வேர்டு ஒழுங்கா வச்சிருந்தும் எங்கயோ இருக்குற ஒன்னுவிட்ட தம்பி வழியா போயிடுச்சு. 2025 மார்ச்ல அந்த கம்பெனி திவால் மனு போட்டுச்சு, அத்தனை பேரோட மரபணு விவரமும் விக்கிற சொத்துக்களோட ஒரு சொத்தா நின்னுச்சு. நம்பி குடுத்தது ஒரு கம்பெனி கிட்ட, நாளைக்கு அது யார் கையில இருக்கும்னு நம்ம கையில இல்லை.

கேள்வி: ப்ரவுசர்ல ஹிஸ்டரி சேராத இன்காக்னிட்டோ மோடுல பார்த்தா யாருக்கும் தெரியாதுதானே?

பதில்: உங்க போனை எடுத்து பாக்குற ஆளுக்கு தெரியாது, அவ்ளோ தான். இன்டர்நெட் குடுக்குறவங்களுக்கு தெரியும், ஆபீஸ் நெட்வொர்க்ல இருந்தா ஆபீசுக்கு தெரியும், நீங்க போற தளத்துக்கும் தெரியும். இதை வச்சு 2020ல கூகுள் மேல வழக்கு போட்டாங்க, 2024ல சமரசம் ஆனப்ப கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கிறதா ஒத்துக்கிட்டாங்க. வீட்டுல ஒருத்தருக்கு பிறந்தநாள் பரிசு தேட ரொம்ப நல்லது. அதுக்கு மேல அதை நம்பாதீங்க.

கேள்வி: வீட்டுல இருந்து வேலை பாக்குறேன். அஞ்சு நிமிஷம் மவுசை தொடலன்னா சாட்ல என் பேர் பக்கத்துல மஞ்சளாயிடுது, உடனே மேனேஜர் "இருக்கீங்களா"ன்னு கேக்குறார். மவுசை தானா ஆட்டுற கருவி ஒண்ணு வாங்கலாமான்னு யோசிக்கிறேன்.

பதில்: தம்பி, வாங்காதீங்க. உங்க மேல தப்புன்னு சொல்லல, மாட்டுனா உங்க மேல தப்பாயிடும். அமெரிக்காவுல ஒரு பெரிய பேங்க்ல 2024ல இப்படி கீபோர்டு தட்டுற மாதிரி பாவலா பண்ணுனாங்கன்னு பத்து பேருக்கு மேல வேலையை விட்டு எடுத்தாங்க. மவுசை ஆட்டச் சொல்லி கட்டாயப்படுத்துன முறையை பத்தி யாரும் ஒரு கேள்வி கேக்கல.

நான் பல வருஷம் சாப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிக்கிற டெஸ்டிங் வேலையில இருந்தவ. ஒரு தடவை பணம் கணக்கு பாக்குற சாப்ட்வேர்ல, எப்பவாவது ஒரு தடவை மட்டும், மொத்தத்துல ஒரு பைசா குறைஞ்சுது. ஓட்டிப் பார்த்தா சரியா வரும், மறுபடி ஓட்டுனா சரியா வரும், ஆயிரம் தடவையில ஒரு தடவை குறையும். கடைசியில லேப்டாப்பை மூடி தள்ளி வச்சுட்டு நோட்டையும் பென்சிலையும் எடுத்து, எது முன்னாடி நடக்குது எது பின்னாடி நடக்குதுன்னு அம்புக்குறி போட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். முக்கால் மணி நேரம். ரெண்டு வேலை ஒரே நொடியில ஒரே எண்ணை எடுத்து, ஒண்ணு எழுதுனதை இன்னொண்ணு அழிச்சுடுதுன்னு அந்த பென்சில் கோட்டுல தான் தெரிஞ்சுது. அந்த வருஷத்துல நான் பார்த்த உருப்படியான வேலைன்னு கேட்டா அந்த முக்கால் மணி நேரத்தை தான் சொல்லுவேன். இன்னிக்கு இருக்குற முறையில அது முழுக்க மஞ்சள் லைட்டு.

மைக்ரோசாப்ட் 2020ல ஆபீஸ் சாப்ட்வேர்ல ஒரு ஸ்கோர் கொண்டு வந்தாங்க, யார் எத்தனை நாள் மெயில் அனுப்புனாங்க, சாட் பண்ணுனாங்கன்னு பேரோட காட்டுச்சு. எதிர்ப்பு கிளம்பி கொஞ்ச நாள்லயே பேரை எடுத்துட்டாங்க. எதிர்த்து பேசுனா மாறும்ங்கறதுக்காக தான் இதை சொல்றேன். உங்க மேனேஜர் கிட்ட லைட்டை பத்தி சண்டை போடாம, வாரத்துக்கு என்ன முடிக்கணும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. முடிச்சதை வெள்ளிக்கிழமை நாலு வரியில அனுப்புங்க. மூணு வாரம் அது வந்துச்சுன்னா பாதி பேர் லைட்டை பார்க்குறதை விட்டுடுவாங்க. விடாத மீதி பேர் கிட்ட எவ்ளோ நாள் இருக்கணும்ங்கறது நீங்க தான் யோசிக்கணும்.

கேள்வி: ராத்திரி பதினொரு மணிக்கு ஆபீஸ் க்ரூப்ல மெசேஜ் வருது. பதில் சொல்லுன்னு யாரும் சொல்லல, ஆனா மத்தவங்க எல்லாம் சொல்றாங்க. நான் மட்டும் சும்மா இருந்தா ஒரு மாதிரி இருக்கு.

பதில்: "யாரும் சொல்லல" இதுல தான் எல்லாமே இருக்கு. சொல்லியிருந்தா இது வேலை, வேலைன்னா அதுக்கு நேரம் உண்டு, கூலி உண்டு. சொல்லாம விட்டதால அது உங்க விருப்பம் மாதிரி ஆயிடுச்சு.

பிரான்ஸ்ல 2017 ஜனவரி 1ல இருந்து, 50 பேர்ல இருந்து அதுக்கு மேல இருக்குற கம்பெனிகள் வேலை நேரம் தாண்டி தொடர்பு கொள்றது பத்தி ஊழியர்களோட உக்காந்து பேசியே ஆகணும். போர்ச்சுகல்ல 2021ல இன்னும் ஒரு படி மேல போய், ஓய்வு நேரத்துல ஊழியரை கூப்பிடாம இருக்குறது முதலாளியோட கடமைன்னே சட்டம் போட்டாங்க. ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட் 26ல இருந்து, வேலை நேரம் தாண்டி வர்ற கூப்பாட்டுக்கு பதில் சொல்லாம இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு, மறுக்குறது நியாயமில்லாத சந்தர்ப்பம் தவிர. எனக்கு ரொம்ப பிடிச்சது போர்ச்சுகல் முறை தான், ஏன்னா அங்க பாரம் கூப்பிடுறவங்க மேல இருக்கு. மத்த ரெண்டுலயும் "நான் பதில் சொல்ல மாட்டேன்"னு மல்லுக்கட்ட வேண்டியது நாம.

கம்பெனி சர்வர் நின்னு போனா ராத்திரி எழுந்திரிக்க தான் வேணும், அதை நான் மறுக்கல, ஆனா அதுக்கு முறை வச்சு ஆள் போடணும், மறுநாள் காலையில அவங்களை தூங்க விடணும். நான் வருஷக்கணக்கா ஆன்கால்ல, அதாவது எப்ப கூப்பிட்டாலும் எழுந்து பார்க்க வேண்டிய முறையில இருந்தேன். தலையணைக்கு அடியில போன், அது அதிர்ற சத்தம் கட்டில் சட்டம் வழியா பல்லு வரைக்கும் வரும். அந்த வேலையை விட்டு ஆறு மாசம் கழிச்சும், பக்கத்து ரூம்ல யாரோட போனாவது மேஜை மேல அதிர்ந்தா எனக்கு வயிறு சுருங்கும். அந்த அலாரத்துல பத்துக்கு எட்டு காலையில பார்த்திருந்தா போதும்ங்கற ரகம், ஆனா எல்லாத்துக்கும் "அவசரம்"னு தான் முதல்லயே செட் பண்ணி வச்சிருந்தாங்க, யாரும் திரும்பிப் பார்க்கல.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. டீம்ல உங்களை மாதிரியே சங்கடப்படுற இன்னொருத்தர் கண்டிப்பா இருப்பாங்க, அவங்களோட பேசிட்டு ரெண்டு பேரும் ஒரே வாரத்துல ராத்திரி பதிலை நிறுத்துங்க. உங்களுக்கு ராத்திரி ஏதாவது தோணுச்சுன்னாலும் எழுதி, காலையில போற மாதிரி டைமிங் போட்டுடுங்க, நீங்க பதினொரு மணிக்கு அனுப்புனா அது இன்னொருத்தர் தூக்கத்துல போய் விழும்.

கேள்வி: சொந்த போன்ல ஆபீஸ் மெயில் போடணும்னா ஏதோ மேனேஜ்மெண்ட் ஆப் போடச் சொல்றாங்க. போட்டா என் போட்டோ எல்லாம் பார்ப்பாங்களா?

பதில்: ரெண்டு வகை இருக்கு, எதுன்னு ஐடி ஆளுங்க கிட்ட எழுத்துல கேளுங்க. ஆண்ட்ராய்டுல வொர்க் ப்ரொஃபைல்னா ஆபீஸ் ஆப்கள் மட்டும் ஒரு தனி அறையில சின்ன பெட்டிப் படத்தோட இருக்கும், கம்பெனி அந்த அறையை தான் பார்க்கும், வேலையை விட்டா அந்த அறையை தான் அழிக்கும், உங்க போட்டோ பக்கம் வர முடியாது. போன் மொத்தத்தையும் நிர்வாகம் பண்ற வகைன்னா முழு போனையும் தூரத்துல இருந்தே அழிக்க முடியும். ரெண்டாவது வகைன்னா ஒத்துக்காதீங்க, "வேலைக்கு போன் வேணும்னா ஆபீஸ் போன் குடுங்க"ன்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்லை.

கேள்வி: போன் வாங்கி மூணு வருஷம் தான் ஆச்சு, ரொம்ப ஸ்லோ. புதுசு வாங்கலாமா?

பதில்: முதல்ல பேட்டரியை மாத்துங்க. பேட்டரி வயசானா அதால திடீர்னு கேக்குற கரண்டை குடுக்க முடியாது, போன் அணைஞ்சு போகாம இருக்க சில போன்கள்ல வேகத்தையே குறைச்சுடுவாங்க. 2017 டிசம்பர்ல ஆப்பிள் இதை ஒத்துக்கிட்டாங்க, பழைய ஐபோன்கள்ல அப்டேட் வழியா சொல்லாம குறைச்சிருந்தாங்க. காரணம் நியாயமானது தான், சொல்லாதது தான் அநியாயம். எத்தனை பேர் பேட்டரி மாத்துனா போதும்னு தெரியாம புது போன் வாங்கியிருப்பாங்க, நினைச்சா இப்பவும் ஆத்திரமா வருது.

புதுசு தான் வேணும்னா கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கேக்காம, செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம்னு கேளுங்க. பிக்சல் 8க்கு 2023ல கூகுள் 7 வருஷம்னு அறிவிச்சாங்க, கேலக்சி எஸ்24க்கு சாம்சங்கும் அதையே சொன்னாங்க. ஐரோப்பாவுல 2025 ஜூன் 20ல இருந்து விக்கிற போன்களோட பேட்டரி, 800 தடவை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதமாவது தாங்கணும்னு விதி வந்துடுச்சு. கம்பெனிகள் ஒரு சந்தைக்கு ஒரு போன்னு செய்யறது கஷ்டம், அதனால அந்த விதியோட பலன் நமக்கும் வரும்னு நம்புறேன்.

கேள்வி: ஆபீஸ்ல 90 நாளைக்கு ஒரு தடவை பாஸ்வேர்டு மாத்தச் சொல்றாங்க. கடைசி நம்பரை மட்டும் ஏத்திக்கிட்டே வர்றேன். சரியா?

பதில்: எல்லாரும் அதை தான் பண்றாங்க, அதனாலயே அந்த விதி பிரயோஜனம் இல்லை. அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பு என்ஐஎஸ்டி, காரணம் இல்லாம நாள் கணக்கு வச்சு மாத்தச் சொல்ல வேண்டாம்னு 2017லயே சொல்லிட்டாங்க. கசிஞ்சா மாத்துங்க, நீளமா வைங்க, ஒரு இடத்துல வச்சது இன்னொரு இடத்துல வேண்டாம், ஞாபகம் வைக்கிற வேலையை பாஸ்வேர்டு மேனேஜருக்கு விட்டுடுங்க. பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்கு பதிலா போன் லாக்கையோ கைரேகையையோ வச்சு உள்ள போற வசதி, இருக்குற தளத்துல அதை வைங்க, அது போலி தளத்துல வேலையே செய்யாது, நீங்க ஏமாந்தாலும் அது ஏமாறாது.

கேள்வி: பதினோரு வருஷம் ஒரே கம்பெனி. போன மாசம் காலையில லேப்டாப் லாகின் ஆகல, அப்புறம் தான் பர்சனல் மெயில்ல கடிதம் வந்துச்சு. நான் சரியா வேலை பாக்கலையோன்னு ராத்திரி எல்லாம் அதே நினைப்பு.

பதில்: உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல இதை கேளுங்க, உங்க வேலை மோசம்னா பதினோரு வருஷம் வச்சிருக்க மாட்டாங்க. 2022 நவம்பர்ல மெட்டா 11 ஆயிரம் பேர், 2023 ஜனவரியில கூகுள் 12 ஆயிரம், மைக்ரோசாப்ட் 10 ஆயிரம், அமேசான் 18 ஆயிரத்துக்கு மேலன்னு அறிவிச்சாங்க. கொரோனா காலத்துல கணக்கு தப்பா போட்டு ஆள் எடுத்துட்டோம்னு சில தலைவர்களே வெளிப்படையா ஒத்துக்கிட்டாங்க. கணக்கு போட்டவங்க நாற்காலி அப்படியே இருக்கு, வேலை பார்த்தவங்க லாகின் தான் போச்சு. லாகினை முதல்ல மூடிட்டு கடிதத்தை அப்புறம் அனுப்புறது பாதுகாப்புக்குன்னு சொல்லுவாங்க. பதினோரு வருஷம் நம்பி சாவியை குடுத்த ஆளை ஒரு காலையில திருடனா நினைக்கிற வழக்கம் அது, யாரோ ஒருத்தர் அப்படி செட் பண்ணி வச்சாங்க, மத்தவங்க அதையே பின்பத்துறாங்க. உங்களை பத்தி அது ஒண்ணும் சொல்லல.

இப்போ செய்ய வேண்டியது, சம்பள ரசீது, அனுபவ சான்றிதழ், வரி விவரம் எல்லாத்தையும் இந்த வாரமே கேட்டு வாங்குங்க, ஆள் மாறிட்டா இழுத்தடிப்பாங்க. கையெழுத்து போடச் சொல்ற தாளை விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கிட்ட காட்டாம போடாதீங்க. கூட வேலை பார்த்தவங்கள்ல நாலு பேருக்கு போன் பண்ணுங்க, வேலை கேக்க இல்லை, சும்மா பேச. அவங்களும் உங்களை கூப்பிட தயங்கிக்கிட்டு இருப்பாங்க.

மத்தவங்களுக்கும் ஒண்ணு, ஆபீஸ் லேப்டாப்ல குழந்தை போட்டோ, சொந்த கணக்கு வழக்குன்னு எதையும் வைக்காதீங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தங்க அம்மாவோட கடைசி வீடியோ அப்படி ஒரு லேப்டாப்ல தான் இருந்துச்சு. திரும்ப வரல.

கேள்வி: எனக்கு வயசு 68. பையன் போன் வாங்கி குடுத்து, எது கேட்டாலும் "அலவ்" அமுக்குங்கம்மான்னு சொல்லிட்டு போயிட்டான். அமுக்கிட்டே இருக்கேன். சரிதானா?

பதில்: அம்மா, பையன் அடுத்த தடவை வரும்போது அரை மணி நேரம் பக்கத்துல உக்கார வைங்க. செட்டிங்ஸ்ல பெர்மிஷன் மேனேஜர்னு இருக்கும், அதுல மைக், கேமரா, லொகேஷன், கான்டாக்ட்ஸ்னு தனித்தனியா எந்தெந்த ஆப்புக்கு குடுத்திருக்கீங்கன்னு வரிசையா காட்டும். ஒவ்வொண்ணா பார்த்து "இதுக்கு இது எதுக்கு?"ன்னு நீங்க கேளுங்க, பையன் பதில் சொல்லட்டும். டார்ச் லைட் ஆப்புக்கு உங்க சொந்தக்காரங்க நம்பர் எதுக்கு, கால்குலேட்டருக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னு எதுக்கு? பதில் வராத இடத்துல எல்லாம் "வேண்டாம்" அமுக்குங்க. ஏதாவது ஒண்ணு ஓடலன்னா அது திரும்ப கேக்கும், அப்போ யோசிச்சு குடுத்துக்கலாம். முடிச்சதும் பையன் போனையும் வாங்கி அதே பக்கத்தை தொறக்கச் சொல்லுங்க.